பேர்ப் பங்கு

காணும் பொங்கல் அன்று குதிரை வண்டிப் பந்தயத்தில் செவலை முதலாவதாக வந்தது. சண்டை அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

அதற்கு முன்பெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தோம். நாலாவது, ஆறாவது. ஒருமுறை வண்டி வாய்க்காலில் சாய்ந்து எந்த இடமும் இல்லை. தோற்றால் பிரிக்க ஒன்றுமில்லை. டீ குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். ஜெயித்த பிறகுதான் எங்களுக்குள் எதையுமே பேசி முடிக்கவில்லை என்பது தெரிந்தது.

செவலை நாலு பேர் சேர்ந்து அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய பெண்குதிரை. முதல் ஆள் ராஜாங்கம். தொழிற்பேட்டையில் பீங்கான் கம்பெனி வைத்திருக்கிறார். மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிற கம்பெனி. நான் அங்கே சூப்பர்வைசர். இரண்டாவது பழமலைநாதன், பாலக்கரையில் தவிடு, புண்ணாக்குக் கடை. மூன்றாவது கொளஞ்சியப்பன், என் மாமனார். அவருடைய வீட்டுக் கொல்லையில்தான் குதிரை நிற்கிறது. அவர் மகன் நிலவன்தான் வண்டி ஓட்டுகிறான்.

நாலாவது என் மனைவி வெண்பா.

அவள் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பட்டறையில் வேலை பார்த்தாள். சீட்டு எடுத்த பணத்தை என்னிடம் கேட்காமல் குதிரையில் போட்டாள். போட்ட பிறகு சொன்னாள்.

"செயின் வாங்கியிருக்கலாம்ல?" என்றேன்.

"செயினு பீரோவுல தூங்கும். இது ஓடும்" என்றாள்.

போன ஐப்பசிக்கு முந்தைய ஐப்பசியில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள்.

பரிசுப் பணத்தை நாங்கள் ஏழாகப் பிரிப்பது என்று பேச்சு. சொந்தக்காரர் நாலு பேருக்கு நாலு பங்கு. வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒன்று. குதிரைக்கு ஒன்று, அது தீனி போட்டுப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குப் போகும்; பரிசு இல்லாதபோது தீனிச் செலவு நாலு பேருக்கும் பொது. ஏழாவது பேர்ப் பங்கு. பந்தயத்தில் பதியும்போது சொந்தக்காரர் என்று ஒரே ஒரு பெயர்தான் கேட்பார்கள். மைக்கில் சொல்வதும், மேடையில் துண்டு போடுவதும் அந்தப் பெயருக்குத்தான். பெயர் கொடுக்கிறவர் நுழைவுக் கட்டணமும் குதிரையை ஏற்றிப் போகும் வேன் வாடகையும் கட்ட வேண்டும். அதற்காக அவருக்கு ஒரு பங்கு கூடுதல். இந்தப் பெயர் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். ராஜாங்கம், பழமலைநாதன், மாமனார், வெண்பா. திரும்பவும் ராஜாங்கம்.

அவள் போன பிறகு ரொம்ப நாள் குதிரை ஓடவில்லை. பிறகு மூன்று ஓட்டம் ஓடியது. வரிசைப்படி மூன்று பேர் பெயரிலும் ஓடித் தோற்றது. நாலாவது ஓட்டம்தான் காணும் பொங்கல். ராஜாங்கம் தன் முறை திரும்ப வந்துவிட்டது என்று நினைத்து நிலவனிடம் கட்டணத்தைக் கொடுத்தனுப்பினார். நிலவன் போய் அக்கா பெயரைக் கொடுத்துவிட்டான்.

யாரையும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

அன்று காலை பனி விலகாமல் இருந்தது. நல்லூருக்கு அந்தாண்டை ஒரு கிராமத்துச் சாலை. இரண்டு பக்கமும் கரும்பு. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நிலவன் கை உதவிக்கு ஆள் இல்லையென்று என்னை அழைத்துப் போயிருந்தான். வண்டிகளை அவிழ்த்துவிட்டதும் நான் டீக்கடைக்கு வந்துவிட்டேன். எனக்கு ஓட்டம் பார்ப்பதில் ஆசை இல்லை.

செவலை ஓடியது நடுக்குதிரைப் பிரிவில். மைக்கில் ஒரு ஆள் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தான்.

"நடுக்குதிரை, நடுக்குதிரை, முதலாவதாக வந்துகொண்டிருப்பது விருத்தாசலம் வெண்பா! ரெண்டாவது வண்டிக்கும் முதல் வண்டிக்கும் இடைவெளி பாருங்க! வெண்பா போய்க்கிட்டே இருக்கு, வெண்பாவ யாரும் தொட முடியல! ஒதுங்குப்பா, ஒதுங்கு, வெண்பா திரும்பி வருது!"

எல்லாக் கம்பத்திலிருந்தும் அதே பெயர். முதலில் கிழக்கே கேட்டது, பிறகு மேற்கே. கையில் டீ இருந்தது. அதைக் குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

மாமனார் வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. "அது இருந்தப்ப" என்பார் மாமா. "பொண்ணு" என்பார் அத்தை. நான் எதுவும் சொல்வதில்லை. கம்பெனியில் யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆக, அத்தனை மாதத்தில் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

முதல் பரிசு எழுபதாயிரம். மேடையில் என்னைக் கூப்பிட்டு, வெண்பாவின் கணவர் என்று சொல்லி, சால்வை போட்டுக் கொடுத்தார்கள். சால்வை ரோஸ் கலரில் இருந்தது. பணத்தை அப்படியே கொண்டுவந்து மாமனாரிடம் கொடுத்தேன். அவர் அதை அரிசிப் பானைக்குள் வைத்தார். யாரும் தொடக்கூடாது, எல்லாரும் உட்கார்ந்து பிரிக்கலாம் என்றார்.

மறுநாள் காலை கம்பெனியில் சூளைத் தள்ளுவண்டி வெளியே வந்திருந்தது. வெந்த இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்லது கணீரென்று கேட்கும். விரிசல் விட்டது மொத்தையாகக் கேட்கும். அதை ஒதுக்கிவிட வேண்டும். தட்டிக்கொண்டிருந்தபோது ராஜாங்கம் வந்து பக்கத்தில் நின்றார்.

"மதி."

"சொல்லுங்க சார்."

"சால்வ நல்லாருந்துச்சா?"

நான் தட்டுவதை நிறுத்தினேன்.

"நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல தம்பி. ஆனா காசு கட்டுனது யாரு? நானு. வேன் வாடக? நானு. நேத்து காலைல எம் மச்சான், மாமன், சம்பந்தி எல்லாத்தையும் கூட்டியாந்து ரோட்டுல நிக்க வச்சிருக்கன், எம் பேர மைக்குல சொல்லுவான்னு. யாரு பேரையோ சொல்றான். என் சம்பந்தி கேக்கறாரு, 'யாருங்க வெண்பா, வெளிய எதுனா வச்சிருக்கிறீங்களா'ங்கறாரு. நான் எங்க போயி மூஞ்சிய வச்சிக்கறது?"

"எனக்குத் தெரியாது சார். நிலவன் கொடுத்திருக்கான்."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உனக்கு எதுதான் தெரியுது இப்ப? சரி வுடு. ஞாயித்துக்கெழம பழம கடையில உக்காருவோம். நீயும் வா. படிச்சவன் ஒருத்தன் இருந்தா நல்லது."

அவர் கெட்டவர் இல்லை. வெண்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சம்பளம் பிடிக்கவில்லை. எட்டாம் நாள் காரியத்துக்கு அரிசி மூட்டை அனுப்பினார். அதனால்தான் அவரிடம் எதிர்த்துப் பேச முடியவில்லை. எனக்கு எதிர்த்துப் பேச ஏதாவது இருந்ததா என்பதும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழமலைநாதன் கடைக்குப் பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். கடலைப் புண்ணாக்கு வாசனை. ராஜாங்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். மாமனார் கீழே சாக்கில். நிலவன் உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றான்.

"மொதல்ல நீ சொல்லுடா" என்றார் ராஜாங்கம். "எதுக்கு அக்கா பேர குடுத்த?"

"வரிசைல அக்காதாண்ண. அப்பா முடிஞ்சி அக்கா."

"அவ இல்லியேடா."

"இல்லன்னு யாரு வரிசைய மாத்துனது? நீங்க மாத்துனீங்களா? எங்கிட்ட யாரும் சொல்லல."

"இத சொல்லுவாங்களாடா? இதெல்லாம் தானா புரிஞ்சிக்கணும்."

"எனக்குப் புரியல."

"அண்ண, ரெண்டு கிலோ தவுடு!" வெளியே ஒரு குரல்.

பழமலைநாதன் எழுந்து போய் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். "எங்க வுட்டோம்?"

"இவனுக்குப் புரியலன்றான்."

"எனக்கும்தான் புரியல" என்றார் பழமலைநாதன். "ஏழா பிரிக்கிறதே எனக்கு மண்டைல ஏறாது. இதுல இருக்கறவங்க பங்கு, இல்லாதவங்க பங்குன்னு வேற. நேரா சொல்லிடுறன். ஆளு இல்லன்னா பங்கு இல்ல. மூணு பேரு பங்கு, ஓட்டுறவன், குதிர, பேரு. ஆறா பிரிச்சிட்டு சோலிய பாப்போம்."

"அவ போட்ட பணம்?" மாமனார் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அத குடுத்துடுவோம் கொளஞ்சிண்ண. போட்ட பணத்த அப்படியே மாப்ளைக்குக் குடுத்துடுவோம். நாங்க என்னா திருடறவங்களா?"

"அன்னிக்கு வெல வேற. இன்னிக்கு ஜெயிச்ச குதிர. வெல வேற."

"அதுவும் வாஸ்தவந்தான்."

"எல்லாத்தையும் வாஸ்தவம்னு சொன்னா எப்படி பழம?" என்றார் ராஜாங்கம்.

"பழமலண்ண, கன்னுக்குட்டிக்கு என்னா குடுக்கலாம்?" வெளியே ஒரு பெண்.

பழமலைநாதன் மறுபடி எழுந்து போனார். கன்றுக்குட்டிக்குக் கழிச்சலாம். நீண்ட நேரம் கன்றைப் பற்றிப் பேசினார். ராஜாங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். மாமனார் சாக்கிலிருந்து நூலை உருவிக்கொண்டிருந்தார். வெயில் தகரக் கூரையில் இறங்கி முதுகைச் சுட்டது.

"மாப்ள என்னா சொல்றாரு?" பழமலைநாதன் திரும்பி வந்ததும் கேட்டார். "சட்டப்படி பாத்தா பொண்டாட்டி பங்கு அவருக்குத்தான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பணம் வேணாம்" என்றேன்.

"பாத்தியா, முடிஞ்சிது" என்றார் ராஜாங்கம்.

"என்னா முடிஞ்சிது?" நிலவன் தூணை விட்டு வந்தான். "மாமா வேணாம்னா முடிஞ்சிடுமா? மாமா எல்லாத்தையுந்தான் வேணாங்கறாரு. சோறு கூட வேணாங்கறாரு."

"டேய், அண்ணன்கிட்ட மரியாதையா பேசு" என்றார் மாமனார்.

"நான் மாமாவத்தான சொன்னன்."

"மாமாகிட்டயும் மரியாதையா பேசு."

அப்போது ராஜாங்கத்துக்கு போன் வந்தது. கம்பெனியில் கரண்ட் போய்விட்டது, சூளை பாதிச் சூட்டில் நிற்கிறது. அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பழமலைநாதன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறு ராஜாங்கம் வரவில்லை. அதற்கடுத்தது மாசி மகம். ஊர் முழுக்கக் கூட்டம், பழமலைநாதனுக்குக் கடையை விட்டு வர நேரமில்லை. பணம் அரிசிப் பானையிலேயே இருந்தது. குதிரைக்குக் கொள்ளு வாங்க மாமனார் வெளியே கடன் வாங்கினார். பானையில் உள்ள குதிரைப் பங்கை எடுத்துக்கொள்ளலாமே என்றேன். பிரிக்காத பணம், கை வைக்க மாட்டேன் என்றார்.

தினமும் யாராவது ஒரு ஆள் என்னிடம் இதைப் பற்றிப் பேசினார். டீக்கடையில், கம்பெனி வாசலில், பஸ் ஸ்டாண்டில். எல்லோருக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. உட்கார்ந்து முடிக்க ஒருவரும் இல்லை. நான் அதிகம் கோபப்படுகிறவன் இல்லை. அந்த மாதத்தில் நல்ல இன்சுலேட்டர் இரண்டைத் தட்டும் வேகத்தில் உடைத்தேன்.

ஒரு சாயங்காலம் அத்தை சாப்பிடக் கூப்பிட்டார். அம்புஜவல்லி அத்தை கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. கூட யாரையாவது அனுப்பி இழுத்துவரச் செய்வார். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். பக்கத்து அடுப்பில் குதிரைக்குக் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. இரண்டு வாசனையும் ஒன்றாக வந்தது. அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். வெண்பாவின் புடவையில்கூடக் கொள்ளு வாசனை இருக்கும்.

"நீங்க வேணான்னுட்டீங்களாமே" என்றார் அத்தை.

"எனக்கு எதுக்கு அத்த அந்தப் பணம்?"

"உங்களுக்கு வேணான்னா அவளுக்கு வேணான்னு அர்த்தமா?"

நான் களியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நான் வரல. பண்டிகன்னு வூட்டுல வேல. நிலவன் வந்து சொன்னான். அக்கா பேர ஊரெல்லாம் சொன்னாங்கம்மான்னு. எத்தன தடவ சொன்னாங்க மாப்ள?"

"நெறைய."

"நெறயன்னா?"

"எண்ணல அத்த. போறப்பயும் வர்றப்பயும் அதே பேருதான்."

அத்தை அகப்பையால் கொள்ளைக் கிளறினார். "நான் கேக்கலியே" என்றார். "பெத்தவ நான் கேக்கல. கண்டவன் எல்லாம் கேட்டிருக்கான்."

கொல்லையில் செவலை கால் மாற்றி நின்ற சத்தம் கேட்டது. மாமனார் அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர். குதிரையிடம் பேசும்போது மட்டும் அவர் குரல் சத்தமாக இருக்கும்.

"பணத்த அவங்களே வச்சிக்கட்டும்" என்றார் அத்தை. "பங்க வெட்டக் கூடாது. அந்த வரிசைல அவ பேரு இருக்கணும். நீங்க அத கேளுங்க. படிச்ச புள்ள கேட்டா குடுப்பாங்க."

அப்படித்தான் நான் கேட்க வேண்டியதாயிற்று.

பங்குனி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி விட்ட பிறகு, ராஜாங்கத்தையும் பழமலைநாதனையும் நானே வண்டியில் ஏற்றி மாமனார் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தேன். இடையில் யாரும் நழுவிவிடக் கூடாது என்றுதான். வெயில் இறங்கியும் சூடு போகவில்லை. குதிரையைச் சுற்றி நின்றோம். அத்தை டீயும் போண்டாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தொட்டி ஓரமாக நின்றார்.

"வெண்பா பங்கு இருக்கணும் சார்" என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னபோது எல்லோரும் ஒரு கணம் கையிலிருந்த போண்டாவோடு நின்றார்கள்.

ராஜாங்கம்தான் முதலில் பேசினார்.

"சரி தம்பி. இருக்கட்டும். ஆனா பங்குன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல? அவ போனதுலேருந்து அவ பங்கு தீனிச் செலவ யாரு குடுத்தா? நாங்க மூணு பேருதான் போட்டம். நீ ஒரு பைசா குடுக்கல. நாங்களும் கேக்கல. கேக்கக் கூடாதுன்னு கேக்கல."

"குடுக்கறேன் சார்."

"ஜெயிச்சா பங்கு கேக்கறதும், தோத்தா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கறதும் கூடாது."

"மாப்ள எப்ப பங்கு கேட்டாரு?" என்றார் பழமலைநாதன். "அவரு வேணாம்னுதான சொன்னாரு?"

"நீ எந்தப் பக்கம்யா பழம?"

"நான் போண்டா பக்கம்."

அத்தைகூடச் சிரிப்பில் வாயைப் பொத்திக்கொண்டார். அது கொஞ்சம் உதவியது. ராஜாங்கம் அங்கே கிடந்த நாற்காலியைக் குதிரைக்கு எதிரே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"கேளு. இந்தப் பணத்துல வெண்பாவோட சொந்தக்காரப் பங்கு ஒண்ணு. அத இத்தினி நாள் தீனிச் செலவுக்கு நேர் பண்ணிடுவோம். பாக்கி ஒண்ணும் இல்ல. பேர்ப் பங்கு எனக்கு. ஏன்னா காசு கட்டுனவன் நானு."

"அப்ப பொங்கல் ஓட்டம்?" என்றான் நிலவன்.

"பொங்கல் ஓட்டம் என் ஓட்டம். என் முறை போச்சு. அடுத்த ஓட்டம் வெண்பா ஓட்டம். முறையா அவ பேர குடுக்கலாம். மதி காசு கட்டட்டும். நான் ஒரு வார்த்த பேச மாட்டன். அதுக்கப்புறம் பழம, கொளஞ்சி, நானு, அவ. சரியா?"

"அது எப்படிண்ண? ஊரே கேட்டுச்சே அக்கா பேர. அது எப்படி உங்க ஓட்டமாவும்?"

"கேட்டது கேட்டதுதான்டா. அத நான் திருப்பி வாங்க முடியுமா? நான் கணக்கச் சொல்றன்."

ஜெயித்த ஓட்டத்தைக் கொடுத்து ஓடாத ஓட்டத்தை வாங்குகிறோம் என்பது எனக்குப் புரிந்தது. நிலவனுக்கும் புரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் அத்தையைப் பார்த்தேன்.

"திரும்ப மைக்குல சொல்லுவாங்களா மொதலாளி?" என்றார் அத்தை.

"சொல்லாம? பேரு குடுத்தா சொல்லித்தான ஆவணும்."

"அப்ப சரி" என்றார் அத்தை.

மாமனார் அரிசிப் பானையிலிருந்து பணத்தை எடுத்துவந்தார். ரூபாய் நோட்டில் மாவு ஒட்டியிருந்தது. பிரித்தோம். மாமனார் கடன் வாங்கிய கொள்ளுக்குக் குதிரைப் பங்கு போதவில்லை. மற்றவர்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டார்கள். நிலவன் தன்னுடையதை எண்ணாமல் சட்டைப் பையில் செருகினான். எனக்கு வரவேண்டியது ஒன்றுமில்லை. கையைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த ஓட்டம் சித்திரையில், வேப்பூரைத் தாண்டி ஒரு கோயில் திருவிழாவுக்கு. நுழைவுக் கட்டணம் நான் கட்டினேன். வேனும் நான் பிடித்தேன். பதிகிற இடத்தில் இருந்த ஆள் "பேரு?" என்றான். சொன்னேன். இனிஷியல் கேட்டான். ஒரு நொடி யோசித்து என்னுடையதையே கொடுத்தேன்.

அத்தையும் மாமாவும் வேனின் முன்சீட்டில் வந்தார்கள். அத்தை புதுப் புடவை. வழியில் நெடுஞ்சாலை ஹோட்டலில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். அத்தை பாதி இட்லியைக் குதிரைக்கு எடுத்துப் போனார். அது முகர்ந்துவிட்டுத் திருப்பிக்கொண்டது.

"ஓடற அன்னிக்கு அது ஒண்ணும் தின்னாதுடி" என்றார் மாமா.

"நானும்தான் திங்கல" என்றார் அத்தை.

பந்தயச் சாலையில் மரமே இல்லை. காலை ஒன்பது மணிக்கே தார் இளகியிருந்தது. அத்தை நடந்து நடந்து ஒலிபெருக்கி கட்டிய கம்பமாகப் பார்த்து ஒன்றின் கீழ் நின்றார். காது போய்விடும், தள்ளி நில்லுங்கள் என்றேன். நகரவில்லை. நானும் அங்கேயே நின்றேன். மாமா நிலவனோடு புறப்படும் இடத்தில் இருந்தார்.

மைக்கில் பேசியவன் வேறு ஆள். தொண்டை கட்டியிருந்தது. வண்டிகளை ஊர்ப் பெயர் சொல்லி வரிசைக்கு அழைத்தான்.

"மங்கலம்பேட்டை வண்டி வந்தாச்சு. சேத்தியாத்தோப்பு வண்டி வந்தாச்சு. விருத்தாசலம் வண்டி எங்கப்பா? விருத்தாசலம், வரிசைக்கு வா!"

"விருத்தாசலம்னா நாமதான?" என்றார் அத்தை.

"ஆமா."

"விருத்தாசலத்துல எத்தன பேரு இருக்கறாங்க. பேரச் சொன்னா என்னா?"

"ஓட ஆரம்பிச்சா சொல்லுவாங்க அத்த."

கொடி அசைத்தார்கள். தூரத்தில் புழுதி எழுந்தது. மைக் கத்த ஆரம்பித்தது.

"மொதலாவதாக மங்கலம்பேட்டை எஸ்.கே. பிரதர்ஸ்! எஸ்.கே. பிரதர்ஸ்! அதை ஒட்டி சேத்தியாத்தோப்பு ராஜ்மோகன்! ராஜ்மோகனா, பிரதர்ஸா? பிரதர்ஸ், பிரதர்ஸ்!"

அத்தை ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகவாயை முந்தானையால் துடைத்தார். எஸ்.கே. பிரதர்ஸ், ராஜ்மோகன். மூன்றாவது வண்டியின் பெயரை ஒரே ஒரு முறை சொன்னான். பிறகு மறுபடி பிரதர்ஸ்.

பொங்கலன்று எனக்குத் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது. முன்னால் வருகிறவர்களுக்குத்தான் மைக்கில் பெயர். பின்னால் வரும் வண்டிக்குப் பெயர் கிடையாது. அன்றைக்கு அத்தனை முறை சொன்னார்கள் என்றால் செவலை அத்தனை தூரமும் முன்னால் இருந்தது என்று அர்த்தம். இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ராஜாங்கம்கூட யோசித்திருக்க மாட்டார்.

முதல் இரண்டு வண்டிகள் எங்களைத் தாண்டின. பக்கத்து இளவட்டங்கள் விசிலடித்தார்கள். மூன்றாவது போனது. நாலாவது. கொஞ்சம் இடைவெளி விட்டு நிலவன் வந்தான். சவுக்கைத் தூக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். செவலையின் கழுத்தில் நுரை. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேகம் அவ்வளவுதான்.

மைக்கில் எஸ்.கே. பிரதர்ஸ் எல்லைக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வெண்பா!"

பக்கத்தில்தான் கேட்டது. அத்தை சாலையோரத்துக்கு இறங்கிவிட்டிருந்தார்.

"வெண்பா வருதுடோய்! வெண்பா! ஓடும்மா! வெண்பா!"

குரல் உடைந்து மேலே போனது. நான் அவர் கையைப் பிடித்தேன், வண்டியில் பட்டுவிடக் கூடாதென்று. நிலவன் திரும்பிப் பார்த்தான். இளவட்டங்களும் பார்த்தார்கள். ஒரு அம்மா இப்படிக் கத்துவது அவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"வெண்பா! வெண்பா!" என்று அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள். ஒருத்தன் தகர டின்னைத் தட்டினான். "வெண்பா! வுடாத, வெண்பா!" சாலையின் அந்தப் பக்கமிருந்தும் யாரோ சொன்னார்கள். வண்டி தாண்டிப் போய் வெகுதூரம் ஆனபிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டின் தட்டியவன் என்னிடம் வந்தான்.

"வெண்பாங்கறது குதிர பேராண்ண?"

"இல்ல. எம் பொண்டாட்டி பேரு."

அவன் சிரித்தான். "பொண்டாட்டி பேர வச்சா எப்படிண்ண ஓடும்? புருசன முன்னால வுட்டுட்டு பின்னாலதான வரும்."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர யார்மேலாவது ஒரு இடம் வேண்டும். அத்தனை மாதமாகத் தேடியும் அது கிடைக்கவில்லை.

புளிய மரத்தடியில் வேன் நின்ற இடத்துக்கு வந்தோம். ஊரில் இருந்த ஒரே மரம். நிலவன் செவலையை அவிழ்த்து நடத்திக்கொண்டிருந்தான். நான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதன் முதுகில் ஊற்றினேன். தோல் சிலிர்த்தது. போனில் ராஜாங்கம்.

"எத்தினியாவது?"

"அஞ்சாவது சார்."

"சரி வுடு. பேரு சொன்னாங்களா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"சொன்னாங்க சார்."

"அப்ப சரி. வேன்காரனுக்கு பேசுன காசுக்கு மேல குடுக்காத. அடுத்தது பழம முறை, அவன்ட்ட சொல்லிடு."

போனை வைத்தேன்.

"இனிமே எப்ப?" அத்தைக்குக் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"பழமலை. அப்புறம் மாமா. அப்புறம் ராஜாங்கம் சார். அதுக்கப்புறம்" என்றேன்.

"வருசம் ஒண்ணு ரெண்டு ஆயிடும்."

"ஆவும்."

"அது வரைக்கும் இது ஓடுமா?"

எனக்குத் தெரியாது. மாமாவைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்தார். செவலையின் கன்னத்தைத் தட்டி, கட்டைவிரலை வாயோரத்தில் விட்டு, உதட்டை விலக்கினார். குனிந்து, வயதைக் கணிக்கப் பற்களை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உதட்டை மூடிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "தண்ணி இன்னும் ஊத்துங்க மாப்ள" என்றார்.